செவர்லே 350 எஞ்சினின் சிலிண்டர் ஹெட்: அறிகுறியிலிருந்து பிழையை அறியும் வழிமுறை

1967ஆம் ஆண்டு மாடல் கமாரோவில் முதன்முதலாக வந்த செவர்லே 350 கன அங்குல எஞ்சின், சில ஆண்டுகளுக்குள் நோவா, செவெல், கார்வெட் எனப் பல கார்களுக்குப் பரவிவிட்டதால், அமெரிக்க மஸில் கார்களைப் புதுப்பிப்பவர்களின் கையில் அதிகம் அகப்படுவது இந்த வி8தான். சிலிண்டர்களை மேலே மூடி வால்வுகளைத் தாங்கும் இதன் வார்ப்பிரும்பு ஹெட்டுகளை மறுசீரமைப்பது பெரிய வித்தை அல்ல. ஆனால் பிழை எங்கே இருக்கிறது என்று உறுதி செய்யாமல் ஹெட்டைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்புகிறவர்கள், வால்வும் அது அமர்ந்து அடையும் சீட்டும் புதிதாகி, பணமும் செலவாகி, புகை மட்டும் பழையபடியே வரும் நிலையில் போய் நிற்கிறார்கள். அதனால் கீழ்க்காணும் வழிமுறை பாகங்களின் வரிசையில் அல்லாமல், கார் காட்டும் அறிகுறிகளின் வரிசையில் அமைந்திருக்கிறது.

இந்த எஞ்சினில் ஓட்டுநர் பக்கத்தில் முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7 ஆகிய சிலிண்டர்களும், மறுபக்கத்தில் 2, 4, 6, 8 ஆகியவையும் உள்ளன. எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2 ஆகும். ஒவ்வொரு ஹெட்டிலும் நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், ஹெட்டிலேயே மிகவும் சூடாகும் இடம் அதுதான். விரிசலோ, கருகிய வால்வோ, தேய்ந்த சீட்டோ, எதைத் தேடினாலும் முதலில் அங்கே தேட வேண்டும்.

ஸ்பேனரை எடுக்கும் முன்

எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, எல்லா பிளக்குகளையும் கழற்றி, திராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து, எட்டு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் அளந்து எழுதி வைக்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட, எண்களுக்கிடையே எவ்வளவு வித்தியாசம் என்பதே முக்கியம். மிகக் குறைந்த சிலிண்டர், மிக அதிகமான சிலிண்டரின் முக்கால் பங்குக்குக் கீழே போகக் கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் அளந்தால், எண் ஏறினால் பிஸ்டன் ரிங்கிலும், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்விலும் பிழை இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகக் குறைந்திருந்தால், அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் எரிந்திருக்கும்.

வாய்ப்பிருந்தால், அந்தச் சிலிண்டரைக் கம்ப்ரஷன் நிலையின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்திக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சர் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் துளையில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல் என்று அறியலாம். ஒரு மணி நேரத்தில் முடியும் இந்தச் சோதனை இல்லாமல் நான் எந்த ஹெட்டையும் கழற்றுவதில்லை.

ஐட்லில் மிஸ்ஸிங் அடிக்கிறது, ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை

மிஸ்ஸிங் 5ஆவது அல்லது 7ஆவது சிலிண்டரில் என்றால், ஹெட்டைத் தொடும் முன் பிளக் ஒயர்களைப் பாருங்கள். அந்த இரண்டும் அருகருகே இருப்பதோடு அடுத்தடுத்து எரிபவையும் ஆகையால், அவற்றின் ஒயர்கள் உரசியபடி இணையாக ஓடினால், 5இன் மின்சாரம் 7இன் ஒயரிலும் தூண்டப்பட்டு, அந்தச் சிலிண்டர் நேரத்துக்கு முன்பே எரிந்துவிடும். ஒயர்களைப் பிரித்து ஓட்டுவதே இதற்குத் தீர்வு.

ஒயர் சரியாக இருந்து, கம்ப்ரஷனும் குறைந்து, காற்று சைலன்சர் குழாயில் சீறினால், எக்ஸாஸ்ட் வால்வு கருகியிருக்கிறது. வாக்குவம் கேஜை, கலவையைச் சிலிண்டர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் இணைத்தால், நல்ல எஞ்சினில் ஐட்லில் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவுக்குள் அசையாமல் நிற்க வேண்டிய முள், சீரான இடைவெளியில் ஒருமுறை கீழே துள்ளி மீளும். முள் துள்ளாமல் ஐட்லில் படபடவென்று நடுங்கி, வேகம் கூட்டியதும் அடங்கினால் அது, வால்வின் தண்டு ஏறி இறங்கும் துளையான கைடு தேய்ந்ததன் அடையாளம். ஐட்லில் அமைதியாக இருந்து வேகம் கூடக் கூட அகலமாக ஆடினால், ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

கருகிய வால்வைக் கழற்றிப் புதியதைப் போட்டு முடிப்பது பாதி வேலைதான். வால்வின் வெப்பத்தில் பெரும்பகுதி சீட் வழியாகவும், மீதி கைடு வழியாகவும் ஹெட்டுக்குள் இறங்கித் தண்ணீருக்குப் போகிறது. கைடு தேய்ந்து வால்வு ஆடினால், ஒவ்வொரு முறையும் அது சீட்டில் வேறு வேறு இடத்தில் அமர்ந்து, வெப்பம் இறங்க வழியில்லாமல் ஒரு விளிம்பில் கருகுகிறது. ஆகையால் கைடை முதலில் சரிசெய்து, அதன் பின்னரே சீட்டை வெட்ட வேண்டும். சீட் வெட்டும் கருவியின் தண்டு கைடுக்குள்தான் நுழைந்து நிற்கிறது என்பதால், வளைந்து தேய்ந்த கைடை வைத்து வெட்டிய சீட், பார்வைக்கு எவ்வளவு பளபளத்தாலும் வால்வோடு ஒரே மையத்தில் அமையாது. ஒருமுறை ஒரு பட்டறையில் என் இரண்டு ஹெட்டுகளுக்கும் சீட்டை முதலில் வெட்டிவிட்டு, கைடைப் பின்னர் மாற்றிக் கொடுத்தார்கள். பதினாறு சீட்டையும் மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று, அதனால் வால்வுகள் தேவையில்லாமல் இன்னும் உள்ளே இறங்கின.

சீட்டின் கோணம் ஹெட்டில் 46 பாகையும் வால்வு முகத்தில் 45 பாகையும் என்பது தொழிற்சாலைக் கையேட்டின் அளவு. அந்த ஒரு பாகை வித்தியாசம், வால்வு விளிம்பு முதலில் நன்றாகப் பதிந்து அடைவதற்காக வைக்கப்பட்டது. இன்றைய பட்டறைகள் பெரும்பாலும் 30, 45, 60 என்று மூன்று கோணங்களில் வெட்டுகின்றன, அதிலும் குறை இல்லை. இன்டேக் சீட்டின் அகலம் 1/32 முதல் 1/16 அங்குலமும், எக்ஸாஸ்ட் சீட்டின் அகலம் 1/16 முதல் 3/32 அங்குலமும் இருக்க வேண்டும். வேகத்துக்காக எக்ஸாஸ்ட் சீட்டை மிக ஒல்லியாக வெட்டச் சொல்கிறவர்கள் உண்டு. பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் காருக்கு அது பொருந்தலாம்; சாலையில் ஓடும் காரில் அந்த அகலம்தான் வால்வைக் குளிர வைக்கிறது.

வேலை முடிந்து ஹெட் திரும்பி வந்ததும், பிளக்கையும் வால்வுகளையும் பொருத்தி, எரிப்பறை மேல்நோக்கி இருக்குமாறு கவிழ்த்து, மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நிமிடம் விட்டுப் பாருங்கள். போர்ட்டுக்குள் ஈரம் கசிந்தால் அந்தச் சீட் அடையவில்லை. காரில் ஏற்றிய பிறகு அதைக் கண்டுபிடிப்பதைவிட மேசைமேல் கண்டுபிடிப்பது எவ்வளவோ மலிவு.

நீலப்புகை

நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அது எப்போது வருகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. இரவு முழுவதும் நின்ற காரைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்தாக வந்து மறைந்தால், வால்வு சீல்கள் கெட்டிருக்கின்றன. வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கு அடியில் தேங்கிய ஆயில் வால்வின் தண்டு வழியே இரவில் மெல்லச் சொட்டியிருக்கும். சரிவில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு மீண்டும் மிதித்ததும் வந்தால், மேனிஃபோல்டில் வாக்குவம் உச்சத்தில் இருந்தபோது தேய்ந்த கைடுகள் ஆயிலை உறிஞ்சியிருக்கின்றன. மிதித்துக்கொண்டு ஏறும்போது நிற்காமல் வந்தால் ரிங்குகளைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் ஹெட்டை மட்டும் புதுப்பித்தால், மேலே அடைப்பு இறுகி, கீழே தேய்ந்த ரிங் இன்னும் அதிகமாக ஆயில் குடிக்கத் தொடங்குவதும் உண்டு.

இந்த மூன்றிலும் சேராத நான்காவது காரணம் ஒன்று இந்த எஞ்சினின் அமைப்பால் வருவது. இன்டேக் மேனிஃபோல்டின் அடிப்பக்கம், கேம் தண்டின் அசைவை மேலே அனுப்பும் லிஃப்டர்கள் இருக்கும் பள்ளத்தைப் பார்த்தபடி இருக்கிறது. அங்கே கேஸ்கெட் சரியாகப் பதியாவிட்டால், ஆயில் ஆவி நேராக இன்டேக் போர்ட்டுக்குள் உறிஞ்சப்படும். வெளியே எதுவும் தெரியாது, கசிவு கண்டுபிடிக்கத் தெளிக்கும் ஸ்பிரேயும் உதவாது. ஒரே ஒரு பிளக் மட்டும் ஆயிலில் நனைந்து, அந்த இன்டேக் போர்ட்டின் தரையில் ஆயில் கோடு தெரிந்தால், ஹெட் குற்றமற்றது. மேனிஃபோல்டைக் கழற்றிக் கேஸ்கெட்டை மாற்றினால் போதும்.

கைடுதான் என்று உறுதியானால், வால்வைச் சிறிது திறந்த நிலையில் வைத்து, தண்டின்மேல் டயல் கேஜை வைத்து ஆட்டி அளக்க வேண்டும். தண்டுக்கும் கைடுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி ஏறக்குறைய 0.001 முதல் 0.0027 அங்குலம் வரை மட்டுமே. இந்த ஹெட்டில் கைடு தனிப் பாகமாக இல்லாமல் வார்ப்போடு சேர்ந்தே இருப்பதால், அதை உருவி எடுத்து மாற்ற முடியாது. உட்சுவரில் மரை போலக் கோடிட்டு உயர்த்தும் பழைய முறை மலிவானது, ஆனால் நெடுநாள் தாங்காது. துளையைச் சிறிது பெரிதாக்கி மெல்லிய வெண்கல உறையைச் செருகுவதே நான் பரிந்துரைக்கும் வழி, ஏனெனில் அது பழைய மையத்தை மாற்றாமல் தேய்மானத்தை மட்டும் நிரப்புகிறது.

சீல் விஷயத்தில் நடக்கும் தவறு மிகச் சிறியது, ஆனால் அடிக்கடி நடப்பது. தொழிற்சாலையில் இந்த வால்வுகளுக்குப் போட்டது, தண்டின் மேல்முனையில் இரண்டு பள்ளங்களில் கீழ்ப்பள்ளத்தில் உட்காரும் ஒரு சிறிய ஓ-ரிங். அதை முதலிலேயே தண்டில் மாட்டிவிட்டு ஸ்பிரிங்கையும் அதன் மேல்மூடியான ரிட்டெய்னரையும் மேலே அழுத்தினால், ரிட்டெய்னர் அதைக் கீழே தள்ளிவிடும் அல்லது கிழித்துவிடும். ஸ்பிரிங்கையும் ரிட்டெய்னரையும் வைத்து அழுத்திய பிறகு, ஓ-ரிங்கைக் கீழ்ப்பள்ளத்தில் மாட்டி, கடைசியாக, ரிட்டெய்னரைத் தண்டில் பிடித்து நிறுத்தும் இரண்டு லாக்குகளை வைக்க வேண்டும். கைடின் தலையைக் கவ்விப் பிடிக்கும் புதுவகைச் சீலைப் போடுவதென்றால், கைடின் மேல்முனையை அதற்கேற்ற விட்டத்துக்குக் கடைந்தாக வேண்டும். வால்வு முழுதாகத் திறக்கும்போது ரிட்டெய்னரின் அடி அந்தச் சீலில் இடிக்காமல் குறைந்தது 0.050 அங்குலம் மிஞ்சுகிறதா என்றும் அளக்க வேண்டும். பெரிய கேம் போட்டவர்கள் இதை மறந்து, சீல்களை முதல் நூறு மைலில் நசுக்கிவிடுகிறார்கள்.

மேலே டிக் டிக் என்று சத்தம், அல்லது இருந்த சத்தம் தானாக நின்றுவிட்டது

சத்தம் வரும் ராக்கரைக் கண்டுபிடித்து இறுக்கி வைத்தபின், சில நாளில் அதே இடம் மீண்டும் சத்தமிட்டால், நட்டைத் திரும்பவும் இறுக்காமல் ராக்கரைத் தாங்கும் ஸ்டட்டைப் பாருங்கள். பெரும்பாலான 350 ஹெட்டுகளில் ராக்கர் ஸ்டட்கள் மரையில்லாமல் அழுத்திச் செருகப்பட்டவை. வலுவான ஸ்பிரிங் போட்டால் மெல்ல மெல்ல மேலே பிடுங்கிக்கொண்டு வரும். ஒரு ஹெட்டின் எட்டு ஸ்டட் முனைகள்மேல் நேர்க்கோலை வைத்தால், பிடுங்கிய ஸ்டட் கோலைத் தூக்கிக் காட்டிக்கொடுக்கும். அதைச் சுத்தியலால் அடித்து இறக்குவது தீர்வாகாது. ஸ்டட் அமரும் மேடையைச் சமமாக வெட்டி, துளையில் 7/16 அங்குல மரை போட்டு, திருகும் வகை ஸ்டட்டைச் சீலன்ட் தடவிப் பொருத்த வேண்டும். அத்துடன், லிஃப்டரின் உந்தலை ராக்கருக்குக் கொண்டுசெல்லும் புஷ்ராடுகளுக்கு வழிகாட்டித் தகடுகளையும் போடுகிறவர்கள், கடினமாக்கப்பட்ட புஷ்ராடுகளையே வாங்க வேண்டும். சாதாரணமானவை தகட்டில் அறுபட்டு, இரும்புத்தூள் ஆயிலில் கலக்கும். தகடு இல்லாத ஹெட்டில், வார்ப்பிலுள்ள புஷ்ராடு துளையே ராக்கரை நேராக வைத்திருக்கிறது என்பதால், அந்தத் துளை தேய்ந்து அகன்றிருந்தாலும் ராக்கர் பக்கவாட்டில் ஆடிச் சத்தமிடும்.

சத்தம் குறைவது எப்போதும் நல்ல சேதி அல்ல. ஈயம் கலந்த பெட்ரோலில் ஓடிய காலத்தில், அந்த ஈயம் எக்ஸாஸ்ட் சீட்டின்மேல் மெல்லிய படலமாக அமைந்து இரும்பும் இரும்பும் ஒட்டாமல் காத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1971 மாடல்களிலிருந்து ஈயம் குறைந்த பெட்ரோலுக்கு ஏற்றவாறு எஞ்சின்களை மாற்றியது. அமெரிக்காவில் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் 1996 ஜனவரி 1 முதல் முற்றிலும் தடை செய்யப்பட்டது. 1971க்கு முந்தைய, சீட் கடினமாக்கப்படாத ஹெட்டை நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் வேகமாக ஓட்டினால், எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைத் தின்று ஹெட்டுக்குள் இறங்கும். வால்வு இறங்க இறங்க அதன் தண்டு மேலே ஏறி, ராக்கரின் இடைவெளியை அடைக்கும். திட லிஃப்டர் உள்ள எஞ்சினில் ஒவ்வொரு முறை அளக்கும்போதும் எக்ஸாஸ்ட் இடைவெளி மட்டும் குறைந்துகொண்டே போவதும், ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ளதில் சத்தமே இல்லாமல் ஒருநாள் சூடானதும் மிஸ்ஸிங் தொடங்குவதும் இதன் அடையாளங்கள்.

இதற்குத் தீர்வு, எட்டு எக்ஸாஸ்ட் இடங்களிலும் பழைய சீட்டைக் குடைந்து, கடின உலோக வளையத்தை இறுக்கமாகச் செருகுவது. ஆனால் மாதத்துக்கு இரண்டுமுறை மட்டும் வெளியே எடுக்கும் காருக்கு, தேய்மானம் தொடங்காத நிலையில் இதைச் செய்யத் தேவையில்லை என்பது என் கருத்து. அந்த இடத்தில் வார்ப்பு தடிமன் குறைவு. குடையும் கருவி தண்ணீர்ப் பாதைக்குள் நுழைந்துவிட்டால், நன்றாக இருந்த ஹெட் குப்பைக்குப் போகும்.

சீட் வெட்டினாலும் வளையம் போட்டாலும், ஸ்பிரிங்கின் பொருத்தப்பட்ட உயரத்தை ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். தொழிற்சாலை அளவு ஸ்பிரிங்குக்கு அது ஏறக்குறைய 1.70 அங்குலம். வால்வு உள்ளே இறங்கியிருந்தால் இந்த உயரம் கூடி, ஸ்பிரிங்கின் அழுத்தம் குறைந்துவிடும். அடியில் தகுந்த தடிமனுள்ள வளையத் தகடு வைத்துச் சரிசெய்யலாம். அப்படி வைத்த பிறகு, வால்வு முழுதாகத் திறந்த நிலையில் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டாமல் மொத்தத்தில் 0.060 அங்குலமாவது மிஞ்ச வேண்டும்.

தண்ணீர் குறைகிறது, ஆயில் பால்போல் வெளுத்திருக்கிறது

ஆயில் மூடியின் அடியில் மட்டும் வெண்ணுரை இருந்தால், குளிர்நாளில் சிறு தூரம் மட்டுமே ஓடும் காரில் உண்டாகும் ஈரமாகவும் இருக்கலாம். டிப்ஸ்டிக்கிலும் வெளுத்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதல் சந்தேகம் ஹெட்டின்மேல் விழ வேண்டியதில்லை. இன்டேக் மேனிஃபோல்டின் முனைகளில் தண்ணீர்ப் பாதை கேஸ்கெட்டைக் கடக்கிறது. அங்கே அரித்தாலும் தண்ணீர் நேராக லிஃப்டர் பள்ளத்தில் இறங்கும். ரேடியேட்டர் வாயில் எரிந்த வாயு இருக்கிறதா என்று நீலத் திரவச் சோதனை செய்து, திரவம் மஞ்சளாக மாறினால், கேஸ்கெட்டோ விரிசலோதான் என்று உறுதி செய்துகொண்டு ஹெட்டைக் கழற்றலாம்.

கழற்றிய ஹெட்டைச் சுத்தம் செய்தவுடன், வேறு எந்த வேலைக்கும் பணம் கொடுக்கும் முன், காந்தத் தூள் சோதனை செய்யச் சொல்லுங்கள். நடு எக்ஸாஸ்ட் சீட்டுகளுக்கு இடையிலும், சீட்டுக்கும் பிளக் துளைக்கும் இடையிலும் விரிசல் தோன்றும். எழுபதுகளின் நடுவில் வந்த, வார்ப்பு எண் 882 என்று முடியும் ஹெட்டுகள் இதற்குப் பெயர்போனவை. அவற்றில் விரிசல் கண்டால் சரிசெய்ய முயலாமல் வேறு ஹெட் தேடுவதே சிக்கனம். விரிசல் இல்லையென்றால், நேர்க்கோலும் ஃபீலர் கேஜும் கொண்டு சமதளத்தைப் பார்க்க வேண்டும். 6 அங்குல நீளத்துக்குள் 0.003 அங்குலத்துக்கு மேல் வளைவிருந்தால் சீவ வேண்டும்.

மீண்டும் பூட்டும்போது, ஒரு ஹெட்டுக்கு 17 போல்ட்டுகள். அவற்றின் துளைகள் தண்ணீர்ப் பாதைக்குள் திறந்திருப்பதால், மரையில் சீலன்ட் தடவாமல் பூட்டினால், கேஸ்கெட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் போல்ட் வழியே தண்ணீர் ஏறி வரும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று கட்டங்களில் 65 அடி-பவுண்டு வரை இறுக்க வேண்டும்.

புதுப்பித்த பிறகு மட்டும் வரும் பிழைகள்

முன்பு இல்லாத நாக்கிங் (கலவை தானாக வெடித்து எழும் தட்டல் சத்தம்), ஏற்றத்தில் கலகலவென்று கேட்டால், அநேகமாகக் கம்ப்ரஷன் விகிதம் தெரியாமல் உயர்ந்திருக்கிறது. இருபுறமும் இரட்டைத் திமில் வார்க்கப்பட்ட அறுபதுகளின் ஹெட்டின் எரிப்பறை சுமார் 64 கன சென்டிமீட்டர். எழுபதுகளின் பல ஹெட்டுகளுக்கு அது 76. பின்னதை எடுத்துவிட்டு முன்னதை வைத்தால், தட்டையான பிஸ்டனோடு விகிதம் ஒரு புள்ளிக்கும் மேல் ஏறும். 1970இல் 10.25க்கு 1 என்றிருந்த 300 குதிரைத்திறன் 350 எஞ்சின், மறு ஆண்டே 8.5க்கு 1 ஆகவும் 270 குதிரைத்திறனாகவும் இறங்கியது. அந்த 1971 எஞ்சின் மேல் பழைய ஹெட்டை வைப்பவர் இழந்ததில் ஒரு பங்கை மீட்கிறார், கூடவே விலை உயர்ந்த பெட்ரோலையும் வாங்கிக்கொள்கிறார். சீவும்போதும் இதே விளைவு உண்டு: ஏறக்குறைய 0.006 முதல் 0.007 அங்குலம் சீவினால் எரிப்பறை ஒரு கன சென்டிமீட்டர் சுருங்கும். தொழிற்சாலையின் மெல்லிய இரும்புத் தகட்டுக் கேஸ்கெட்டுக்குப் பதிலாகச் சுமார் 0.040 அங்குலத் தடிமனுள்ள கேஸ்கெட்டைப் போட்டால் விகிதம் சற்று இறங்கும். ஆனால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவிலான இடைவெளி அகன்று, கலவை நன்றாகச் சுழலாமல், நாக்கிங் எதிர்பார்த்த அளவுக்குக் குறையாது.

அதிகமாகச் சீவிய ஹெட்டில் இன்டேக் மேனிஃபோல்டின் போல்ட் துளைகள் நேராக வராமல், இழுத்துப் பிடித்துப் பூட்டினால் ஐட்ல் ஏறி இறங்கும், மேலே சொன்ன மறைவான ஆயில் உறிஞ்சலும் தொடங்கும். ஹெட்டின் அடியில் சீவியதற்கு ஏறக்குறைய 1.2 மடங்கு, இன்டேக் பக்கத்திலும் சீவியாக வேண்டும்.

1969க்கு முந்தைய ஹெட்டுகளின் முனைகளில் ஆல்டர்னேட்டரைத் தாங்கும் மரைத்துளைகள் இல்லை என்பதையும், பிற்காலக் காருக்கு அவற்றை வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். இது ஓட்டத்தைப் பாதிக்காது, பிராக்கெட்டுக்கு வேறு வழி தேடச் செய்யும், அவ்வளவே.

400 கன அங்குல பிளாக்கின்மேல் 350இன் ஹெட்டை வைத்து, முன்பு இல்லாத அதிசூடு வந்தால், ரேடியேட்டரையும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். 400இன் சிலிண்டர் சுவர்கள் நடுவே தண்ணீர் போகாமல் ஒட்டி வார்க்கப்பட்டவை என்பதால், அங்கே உண்டாகும் நீராவி மேலேறிப் போக பிளாக்கிலும் அதன் சொந்த ஹெட்டிலும் சிறு துளைகள் வைக்கப்பட்டுள்ளன. 350இன் ஹெட்டில் அவை இல்லை. நீராவி அடைபட்டு, சூடு ஒரே இடத்தில் தேங்கி, கேஸ்கெட்டும் பின்னர் ஹெட்டும் போகும். ஹெட்டைக் கழற்றி, 400க்கு உரிய கேஸ்கெட்டை அதன் முகத்தில் அச்சாக வைத்து, நீராவித் துளைகளின் இடங்களைக் குறித்துத் துளைத்து, துகள் ஒன்றுகூட உள்ளே தங்காமல் கழுவி, அதே வகைப் புதிய கேஸ்கெட்டோடு பூட்ட வேண்டும்.